சுங்கை சிப்புட் – தைப்பிங் ஒருநாள் வரலாற்றுப் பயணம்: சென்று வந்தவரின் மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தைப்பிங்குக்கு வேனில் அழைத்துச் செல்லும் வரலாற்றுப் பயணத்துக்கு, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தந்தையாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மதிய உணவோடு ஆளுக்கு 70 வெள்ளி (ரிங்கிட்). ஏரிக்கரை மரங்களையும் அரும்பொருளகத்தையும் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வழிகாட்டியான ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்த மண்ணின் காவலுக்குக் காசு யார் கொடுத்தது என்ற ஒரே கேள்வியில் நாள் முழுவதையும் கோத்திருந்தார்.

தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் மாநில கைட்ஸ் படை 1896இல் உருவாகி 1919இல் கலைக்கப்பட்டது. சீக்கியர்களும் பத்தான்களும் நிறைந்திருந்த அந்தப் படைக்குச் சம்பளம் லண்டனிலிருந்து வரவில்லை, பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்த மலாய் மாநிலங்களின் கஜானாவிலிருந்தே வந்தது. பிரிட்டன் வேறொரு நாட்டோடு போரில் இறங்கினால், ஆளுநர் கேட்டவுடன் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் காலனியைக் காக்க இம்மாநிலங்கள் படை அனுப்ப வேண்டும் என்று அவற்றை ஒன்றிணைத்த 1895ஆம் ஆண்டுக் கூட்டரசு ஒப்பந்தமே விதித்திருந்தது என்பதை அவர் விளக்கிய விதம் அருமை.

சிங்கப்பூரின் கதை இன்னும் சுவையானது. கோட்டைகளும் படையும் பேரரசின் கடல்வழி வாணிபத்துக்காகவே இருக்கின்றன, ஆகவே செலவை லண்டனே ஏற்கட்டும் என்றனர் உள்ளூர் வணிகர்கள்; உங்கள் துறைமுகத்தைத்தானே காக்கிறோம் என்றது லண்டன். 1890இல் லண்டன் ஆண்டுக்கு 1,00,000 பவுன் கேட்டதில் மூண்ட சச்சரவு, 1895இல் சட்டமன்றத்தில் அரசு அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் பதவி விலகும் அளவுக்கு முற்றியது. இறுதியில் காலனியின் வருவாயில் 17.5 விழுக்காடு என்று முடிவாகி, பின்னர் அது 20 ஆயிற்று. அந்த வருவாயில் பெரும்பங்கு அபினி வரியிலிருந்து வந்தது என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகவே பட்டது; கணக்கை எந்த அரசின் பெயரில் எழுதினாலும், பணம் கூலிக்காரனின் குழாய்ப் புகையிலிருந்துதான் போயிருக்கிறது.

வேனின் குளிர்சாதனம் பாதி வழியில் நின்றுவிட்டது. மீன்கறி பரவாயில்லை.

திரும்பும் வழியில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி நடத்திய அவசரகாலத்தைக் கால்மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊருக்கு அருகிலிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது எனும்போது, இதை எப்படி மன்னிப்பது? பிரிட்டிஷ் படைகளின் செலவைப் பெரும்பாலும் லண்டன் பார்த்துக்கொண்டது, உள்ளூர்க் காவல்துறையின் சுமை மலாயா அரசின் தலையில் விழுந்தது, கொரியப் போரால் ஏறிய ரப்பர் விலை அந்தச் சுமையைத் தாங்க உதவியது என்பதோடு விளக்கம் நின்றுவிட்டது.

அப்போதுதான் அப்பா ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதையும், விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் பாட்டி, கிளர்ச்சியாளர்கள் கைக்கு உணவு போய்விடாதிருக்க, சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது என்று வேலி வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்ததையும் அவர் சொல்லச் சொல்ல, ஆசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த பயணத்தை எங்கள் ஊரிலேயே, ஒரு பழைய லயத்தின் முன்னிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் இன்னொரு முறை 70 வெள்ளி கொடுக்க நான் தயார்.