டிகிரி குறிக்காக ஒரு நம்பர் பேட்

போன வாரம், முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பன் கூப்பிட்டான். "மாப்ள, எக்செல்ல டிகிரி குறி எப்படிடா போடுற? நெட்ல இருந்து காப்பி பண்ணிப் பண்ணி ஓஞ்சுட்டேன்." ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிடம் பேசினேன். பதினோரு வருட எரிச்சல்.

கோவையில் ஒரு மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. ஒரு தாளுக்குப் பத்து Ø (விட்டக் குறி), பத்து ±, இரண்டு மூன்று ° வரும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0176 தட்டினால் °, 0177 என்றால் ±, 0216 என்றால் Ø. (இந்த Ø உண்மையில் டேனிஷ், நார்வீஜிய மொழிகளின் எழுத்து. விட்டத்துக்கான அசல் குறி ⌀. எங்கள் ஷாப்பில் அதை யாரும் சீண்டுவதில்லை.) விரல் பழகிவிட்டால் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் எண்களை வலது ஓரத்து நம்பர் பேடில்தான் தட்ட வேண்டும், மேல் வரிசை செல்லாது. இரண்டு வருடம் முன்பு கைக்கு வந்த 14 இன்ச் லேப்டாப்பில் அந்தப் பேடே இல்லை.

இன்செர்ட் மெனுவில் சிம்பல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெட்டியைத் திற, தேடு, போடு, மூடு. மூடாமல் செல்லில் (எக்செல் கட்டத்தில்) ஓர் எழுத்துகூடத் தட்ட முடியாது. நாம் கேட்பதை இப்படி இழுத்தடிக்கிற எக்செல், கேட்காததை உடனே செய்யும். குறிப்புகளை ஏ, பி, சி என்று அடைப்புக்குறிக்குள் வரிசைப்படுத்தினால் மூன்றாவது © ஆகிவிடும். ஆட்டோகரெக்ட் பட்டியலில் போய் அந்த ஒன்றை நீக்கிய நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

டிக் குறியில் மானம் போனது என் தப்புதான். விங்டிங்ஸ் எழுத்துருவில் (அதில் ü என்ற எழுத்துதான் டிக்காகத் தெரியும்) போட்டு அனுப்பிவிட்டேன். கஸ்டமர் போனில் அந்த எழுத்துரு இல்லை. ஓகே என்ற நெடுவரிசை முழுக்க ü ü ü. "சார், இது என்ன பாஷை?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் யூனிசார் (UNICHAR) ஃபார்முலாவில் 10003 கொடுத்து ✓ வரவழைத்து, அதையே காப்பி செய்துகொள்கிறேன். இது அந்த எழுத்துருவை நம்பியில்லை.

இவ்வளவு திட்டினாலும் ஒரு விஷயத்துக்கு எக்செல்லைக் கையெடுத்துக் கும்பிடலாம். செல்லில் 45° என்று அடித்தால் அது எண் இல்லை, வெறும் எழுத்து. இருபது கோணம் அடித்துவிட்டுச் சராசரி கேட்டால், பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழை காட்டும். அதற்குப் பதில் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் 1 அழுத்தி, வரும் பெட்டியில் கஸ்டம் (Custom) என்ற இடத்தில் 0"°" என்று ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். 45 மட்டும் தட்டினால் 45° என்று நிற்கும். உள்ளே எண் எண்ணாகவே இருக்கும், சராசரியும் வரும். டாலரன்ஸுக்கு (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்புக்கு) "±"0.00. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

நண்பனுக்கும் இதைத்தான் சொன்னேன். கூடவே, விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒரு பலகை வரும், அதில் குறிகள் எல்லாம் இருக்கும், ஆல்ட் எண்களை மனப்பாடம் செய்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே என்றேன்.

"சரி, நீ எதை யூஸ் பண்ற?"

லேப்டாப் பையில் ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வைத்திருக்கிறேன். இந்தக் குறிகளுக்காக மட்டுமே வாங்கியது. கொஞ்ச நாளாக அதில் 7 ஒட்டிக்கொள்கிறது. நேற்றுத்தான் இன்னொன்று ஆர்டர் போட்டேன்.