நாற்பதைத் தாண்டிய கராத்தேக்காரர்களுக்கு ஃபோம் ரோலர்: எதை வாங்குவது, எதுவரை நம்புவது

ஃபோம் ரோலர் என்பது மேலே படுத்து உருட்டி, இறுகிய தசையைத் தளர்த்த உதவும் நுரை உருளை. கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கிறது. வெள்ளையாக, கையில் தூக்கினால் எடையே தெரியாமல் இருப்பது ஈ.பி.இ. நுரை. விலை குறைவுதான், ஆனால் தொடையின் பாரம் தாங்காமல் சீக்கிரமே நடுவில் பள்ளம் விழுந்துவிடும். கறுப்பாக, மணிமணியாக அழுத்திச் செய்தது ஈ.பி.பி.; கல் மாதிரி இருக்கும், இறுகிய தசைக்கு ஆரம்பத்திலேயே இது வேண்டாம். மூன்றாவது, உள்ளே பிளாஸ்டிக் குழாயும் மேலே மேடுபள்ளமான ஈ.வி.ஏ. உறையும் கொண்டது. வாங்க வேண்டியது இதைத்தான். 33 செ.மீ. நீளம் கால்களுக்குப் போதும், மேல்முதுகுக்கும் வேண்டுமென்றால் 45 செ.மீ.

வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாக அமுங்கி உடனே எழும்ப வேண்டும். இரு முனைகளிலும் உறையும் குழாயும் சேரும் இடத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். மட்டமான ரோலரில் பசை முதலில் விடுவது அங்கேதான். அதிரும் மோட்டார் வைத்த ரோலருக்குப் பல மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை.

கராத்தேயில் இது அதிகம் உதவுவது கெண்டைக்காலுக்கும் உள்தொடைக்கும். மவாஷி கெரிக்கு (காலைப் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை) இடுப்பு திறக்காமல் தடுப்பது பல பேருக்கு உள்தொடைதான். குப்புறப் படுத்து, ஒரு காலைத் தவளைபோல் பக்கவாட்டில் மடக்கி, ரோலரை உடம்புக்கு இணையாகத் தொடைக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கு நான்கு விரல் மேலே தொடங்கி, கவட்டைக்கு ஒரு சாண் முன்பே நிறுத்துங்கள். நொடிக்கு 2 அல்லது 3 செ.மீ., அவ்வளவு மெதுவாக. வலிக்கும் புள்ளியில் 20 நொடி நின்று மூச்சை விடுங்கள். மூச்சு தானாக அடைபட்டால் பாரம் அதிகம். கையை ஊன்றிக் குறையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

முட்டிக்குப் பின்குழியில் உருட்டவே கூடாது, நரம்பும் ரத்தக்குழாயும் அங்கே மேலாகவே ஓடுகின்றன. கீழ்முதுகும் வேண்டாம். தொடையின் வெளிப்பக்கப் பட்டையை எவ்வளவு உருட்டினாலும் நீளாது. அங்கே இழுத்தால் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசையைக் கவனியுங்கள்.

ரோலர் தசை முடிச்சை உடைக்கிறது என்று விளம்பரங்கள் சொல்வது சரியல்ல. பெரும்பாலும் நரம்பு மண்டலம் அந்த இழுவையைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிறது. அந்தத் தளர்வு சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும். எனவே எழுந்ததும் காலை முன்பின்னாக, பக்கவாட்டில் 10 முறை வீசி, பாதி வேகத்தில் உதைகளைத் தொடங்குங்கள். ஒரே நிலையில் நிமிடக்கணக்காக இழுத்துப் பிடிப்பதை வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் செய்தால் உதையின் விசை குறையும்.

ஆனால் தசை கிழியாமல் காக்க ரோலரை மட்டும் நம்பாதீர்கள். வயது ஏற ஏற முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். அடிபட்ட தசைநாண் (தசையை எலும்போடு சேர்க்கும் நாண்) ஆறவும் அதிக நாள் எடுக்கும். இதற்குப் பலம்தான் வேண்டும். படிக்கட்டு விளிம்பில் இரண்டு காலால் எழும்பி, ஒரு காலால் 3 நொடி எண்ணிக் குதிகாலை இறக்குங்கள்: காலுக்கு 15 வீதம் 3 முறை. உள்தொடைக்கு, மேல்காலின் முட்டியை பெஞ்சில் வைத்துப் பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குவது): 8 எண்ணிக்கை, 2 முறை. வாரம் இரண்டு நாள் இவற்றைச் செய்ய நேரமில்லாதவர், ரோலருக்கு ஒதுக்கிய நேரத்தை இதற்குக் கொடுப்பது நல்லது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், சர்க்கரையால் கால் மரத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நரம்புச் சுருட்டல் உள்ள இடத்தில் உருட்டாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் குதிகால் நாணைப் பலவீனமாக்கக்கூடும். 2008-லேயே அமெரிக்க மருந்துத் துறை இதற்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. 60 தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் அதன்பின் சில வாரங்களும் குதிப்பதை விட்டுவிடுங்கள்.

வெறும் டைல்ஸ் தரையில் ரோலர் வழுக்கும். யோகா மேட் விரியுங்கள். நல்லெண்ணெயோ தைலமோ தேய்த்த உடம்போடு ஏறாதீர்கள், எண்ணெய் பட்டு உறை வழவழப்பாகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டு வைத்தால் பசை இளகி, குழாய் ஒரு பக்கமும் உறை ஒரு பக்கமுமாகச் சுற்றும்.