போருக்குப் போன இரு வேட்டை ரைஃபிள்கள்: பென்சில்வேனிய நெடுங்குழலா, ஜெர்மானிய யேகரா?

இலக்குப் பயிற்சிக்காகச் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய ரைஃபிளின் மறுபதிப்பு ஒன்றை வாங்க முனைந்தபோது, பென்சில்வேனிய நெடுங்குழல் ரைஃபிளைத் தவிர்த்து, குட்டைக் குழல் கொண்ட ஜெர்மானிய வேட்டை ரைஃபிளான யேகரையே தேர்ந்தெடுத்தேன். யேகரை நீட்டி மெலிதாக்கி நெடுங்குழலை உருவாக்கியவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்களே. ஆயினும் அமெரிக்க விடுதலைப் போரில் தாயும் சேயும் எதிரெதிர் அணிகளில் நின்றன: யேகர் பிரிட்டிஷார் பக்கம், நெடுங்குழல் அமெரிக்கர் பக்கம்.

நெடுங்குழலின் புகழ் பலரும் அறிந்ததே. 1775 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் ரைஃபிள் வீரர்களின் கம்பெனிகளைத் திரட்டியது. 1777இல் சரடோகாவில் அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கனின் படையினர் அதைக் கொண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளைக் குறிவைத்தனர். நாற்பது அங்குலத்தைத் தாண்டும் குழலில் குறி பார்ப்பது எளிது, குண்டு சிறியது என்பதால் ஈயமும் மிச்சம்.

ஆனால் போர்க்களத்தில் முதல் குண்டைவிட ஐந்தாவது, ஆறாவது குண்டுகளே முக்கியம் என்பது என் கருத்து. ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் கரிமருந்தின் கசடு குழலின் சுருள் பள்ளங்களில் படிய, எண்ணெய்த் துணியில் பொதிந்த குண்டைக் கோலால் அழுத்தி இறக்குவது மேலும் மேலும் கடினமாகிறது. ஒடுங்கிய நெடுங்குழலில் அந்த இறுக்கத்தை நாற்பது அங்குல ஆழம் வரை எதிர்த்துத் தள்ள வேண்டும். மெல்லிய மரக்கோல் முறிந்தாலும் வியப்பில்லை. யேகரின் குழல் ஏறத்தாழ முப்பது அங்குலமே, வாயும் அகன்றது. ஆகவே அதே கசட்டோடும் குண்டு இறங்குகிறது, மாலையில் கழுவித் துடைப்பதும் விரைவில் முடிகிறது. இதை இலக்குப் பலகையின் முன் நின்றுதான் சொல்கிறேன், போர்க்களத்தில் அல்ல. குதிரைப்படை பாய்ந்து வரும்போது எந்த ரைஃபிளானாலும் நிமிடத்துக்கு ஒரு குண்டே பெரிது, சுருள் பள்ளமில்லாத குழல் கொண்ட மஸ்கெட் துப்பாக்கியோ மூன்று சுடும்.

பின்னாளைய இராணுவங்களும் குட்டைக் குழலையே நாடின. 1800இல் பிரிட்டன் ஏற்ற பேக்கர் ரைஃபிள் முப்பது அங்குலக் குழலோடு யேகரின் வழியில் அமைந்தது. வேட்டை ரைஃபிள்களுக்கு வழக்கமாக இல்லாத பயனெட்டும் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) வாள் வடிவில் அதற்குக் கிடைத்தது. நெடுங்குழலின் தாயகமான அமெரிக்காவே ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் 1803ஆம் ஆண்டு மாதிரியை 33 அங்குலக் குழலோடுதான் செய்தது.

யேகர் ஈயத்தையும் மருந்தையும் தாராளமாகத் தின்னும், தோளையும் இடிக்கும். நிதானமாகச் சில குண்டுகள் மட்டும் சுட்டு, வேட்டுக்கு வேட்டு குழலைத் துடைக்கப் பொறுமை உள்ளவர் நெடுங்குழலையே வாங்கலாம்.