தோவாளைச் சாலை டிராக்டர் பட்டறை: பழைய மேசி பெர்குசனுக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குச் செல்லும் சாலையில், வெள்ளமடம் தாண்டித் தோவாளை வருவதற்குள் இருக்கும் இந்தத் தகரக் கொட்டகைப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கத்தில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டு மேசி பெர்குசன் 1035-க்கு எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதற்காக அங்கே கொண்டுபோயிருந்தேன். பழைய வண்டிக்கு இந்த வேலையைப் பொறுப்பாகச் செய்துதரும் இடங்கள் அருகிவருவதால், பார்த்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டியில் இருப்பது, பெர்க்கின்ஸ் வடிவமைப்பில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் தயாரித்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 152 கன அங்குலம், ஏறக்குறைய 2.5 லிட்டர். சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி, சுமார் 7 லிட்டர் பிடிக்கும். இன்றைய வண்டிகளில் ஃபில்டரை முழுதாகத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திவிடலாம். எங்கள் வண்டியில் அப்படி இல்லை. இரும்புக் கிண்ணத்துக்குள், ஆயிலை வடிகட்டும் மடிப்புகள் கொண்ட எலிமெண்ட் தனியாக உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு நீண்ட போல்ட் அதை மேல்மூடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும். மூடியின் பள்ளத்தில் ஒரு ரப்பர் ரிங் இருக்கும். வேலையின் தரம் தெரிவது அந்த ரிங்கில்தான். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் பழைய ரிங்கை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்து இறுக்கிவிட்டார்கள். பட்டறையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வயலில் இறங்கித் தொளி அடிக்க, அதாவது நடவுக்காகச் சேறாக உழத் தொடங்கியதும் ரிங் நழுவி ஆயில் பீய்ச்சி அடித்தது. அழுத்தமானியின் முள் சரிவதைக் கண்டு உடனே நிறுத்தியதால் பேரிங்குகள் தப்பின.

தோவாளைச் சாலைப் பட்டறையில் நான் முதலில் கவனித்தது, வண்டி வந்து நின்ற சூடு ஆறுவதற்குள் டிரெயின் நட்டைக் கழற்றியதை. சூடாக இருக்கும்போதுதான் அடியில் தங்கிய கசடும் ஆயிலோடு சேர்ந்து இறங்கும். முழுவதும் வடியும்வரை அவசரப்படாமல் விட்டுவிட்டு, அதற்குள் ஃபில்டர் கிண்ணத்தை இறக்கினார்கள். உதவிக்கு நின்ற இளைஞரிடம் மூத்த மெக்கானிக், "பழைய ரிங்கு கறுத்துப்போய் இரும்போட இரும்பா ஒட்டிக்கிட்டிருக்கும், கண்ணை நம்பாதே மக்கா, விரலை விட்டுப் பாரு" என்றார். அந்த இளைஞர் பள்ளத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்து, மெல்லிய கம்பியால் ரிங்கை நெம்பி எடுத்து, துணியால் துடைத்து, விளக்கடித்துக் காட்டிய பிறகே புது ரிங்கில் ஆயில் தடவி உட்காரவைத்தார். கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் தட்டும் பழைய எலிமெண்டோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடுவது உண்டு. அவற்றைத் தனியே எடுத்து டீசலில் கழுவி வைத்திருந்தார்கள். அவை இல்லாவிட்டால் எலிமெண்ட் இறுக்கமாக உட்காராது, ஆயில் வடிகட்டப்படாமலேயே எஞ்சினுக்குள் போய்விடும்.

வடித்த ஆயிலை அப்படியே கொட்டிவிடாமல் படித்துப் பார்ப்பது இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். பழைய எலிமெண்டை அறுத்து மடிப்புகளை விரித்து உலோகத்துகள் மின்னுகிறதா என்று பார்த்தார்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். நீர்த்துப்போய் அளவும் கூடியிருந்தால் டீசல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து டீசல் சம்புக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எங்கள் வண்டியில் இவை எதுவும் இல்லை.

புது ஆயிலின் கெட்டித்தன்மை எண் 20 டபிள்யூ 40. தேய்ந்த எஞ்சினுக்கு இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, கெட்டியான ஆயில் காலையில் மேலேறத் தாமதமாகும், அந்தச் சில விநாடிகளில்தான் தேய்மானம் அதிகம் என்று விளக்கினார் மெக்கானிக். ஊற்றி முடித்தபின், எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுழற்றி, அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே எஞ்சினை ஓடவிட்டார். சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, ஃபில்டர் கிண்ணம் நிரம்பியதால் சம்பில் குறைந்திருந்த ஆயிலை அளவுக்கம்பியில் பார்த்து நிரப்பினார். ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்து ஆயிலையும் கேட்காமலேயே மாற்றிக் கொடுத்தார்கள். அதில் விரற்கடைக்குச் சேறு படிந்திருந்தது.

பட்டறையை ஒட்டி ஓடும் கால்வாய்த் தண்ணீர் வயல்களுக்குப் பாய்வது என்பதால், கழிவு ஆயிலை மூடிபோட்ட பீப்பாயில் சேர்த்து வைக்கிறார்கள். தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு அள்ளுகிறார்கள். சாலையோரப் பட்டறைகளில் இதை நான் அதிகம் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. பழைய மாடலுக்கான எலிமெண்ட் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அல்லது நாகர்கோவிலில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி வாங்கும்போது ரப்பர் ரிங்கும் உறைக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொருள் வாரியாக ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்கள், முறையான பில் இல்லை. கூலியாக 500 ரூபாய் வாங்கினார்கள். செய்த வேலைக்கு அது நியாயமான தொகையே. இரண்டாம் போக நெல்லான கும்பப்பூவுக்குத் தொளி தொடங்கிவிட்டால் வண்டிகள் வரிசையில் நிற்கும், மழை வேறு சேர்ந்துகொள்ளும், கொட்டகைக்குள் இரண்டு வண்டிகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு முந்தைய போகமான கன்னிப்பூ அறுப்பு முடிந்த கையோடு, காலையிலேயே போய்விட்டால் மதியத்துக்குள் வண்டியை எடுத்து வந்துவிடலாம்.