பதிவேடா, பத்தொன்பது வீடா?

2017 ஜூலையில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் படியில் உட்கார்ந்து, டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைக் காட்ட வீடு வீடாகப் போகும் எங்கள் தொண்டர்களின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லா வீட்டு இலக்கத்துக்கும் நேரே ‘சரி’ போடப்பட்டிருந்தது. அதே வாரத்தில்தான் அந்தக் கட்டடத்திலிருந்து மூன்று பிள்ளைகளை டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் செலவுக்குப் பணம் தந்த பெரியவர் வந்தார். “வீடு வீடாகப் போகிறீர்களே, பலன் ஏதும் உண்டா தம்பி?” என்றார். பதிவேட்டை நீட்டினேன். “இது உங்கள் தொண்டர் பிள்ளைகளே எழுதியதுதானே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு, தொண்டர்களின் வேலையை அளக்க நான்கு வழிகளை அலசினோம், ஒன்றைத் தேர்ந்தோம். நான் எந்தப் பக்கம் என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுத்திருக்கும்.

அந்த வருடத்தை மறந்தவர்களுக்காக இரண்டு வரி. ஏப்ரல் 14, புதுவருட தினத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் கொழும்பின் குப்பை போக இடமில்லாமல் தெருவோரங்களில் தேங்கியது. மே மாதம் மழை கொட்டியது. ஆண்டு முடிவில் நாட்டின் டெங்கு நோயாளர் கணக்கு 186,101. இறந்தவர்கள் நானூறுக்கு மேல். ஜூலையில் மட்டும் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மருத்துவ மாதுகளும் எத்தனை வாசலில்தான் நிற்பார்கள்? அதனால் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எல்லாப் பக்கமிருந்தும் இளைஞர்கள் இறங்கினார்கள். எங்களுடையதும் அப்படி ஒரு குழு. சம்பளம் கிடையாது, பஸ் காசும், மாலையில் தேநீரும் மாலு பணிசும்.

முதலில் பதிவேடு. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவில்லை, ஏற்கெனவே கையில் இருக்கிறது, எந்த மாடிக்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ள உதவும். ஆனால் தொண்டர் படியேறினாரா என்பதைத்தான் அது சொல்லும். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. இந்தியாவின் ஆஷா என்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்குப்போல வேலைவாரியாக ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டமென்றால் பதிவேடே சம்பளச் சீட்டாகவும் ஆகிவிடுகிறது. அப்போது அதை வாசிக்கும்போது இன்னும் ஒரு பங்கு கவனம் வேண்டும்.

இரண்டாவது, நோயாளர் எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிடுவது. பணம் தருபவர்களுக்கு இதில்தான் ஆசை அதிகம், ஏனென்றால் படம் வரைந்தால் கோடு அழகாக இறங்கும். நாங்கள் தொடங்கியது ஜூலை முதல் வாரம். உச்சமும் அந்த மாதம்தான். ஆகஸ்ட், செப்டெம்பர் கணக்கை வைத்து அறிக்கை எழுதியிருந்தால் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். ஆனால் தொண்டர் ஒருவர்கூடக் கால் வைக்காத இடங்களிலும் எண்ணிக்கை அதே காலத்தில் இறங்கியது. ஒரே கட்டடத்தை மட்டும் எடுத்தால் இன்னொரு சிக்கல்: இந்த வாரம் மூன்று நோயாளர், அடுத்த வாரம் ஒருவர் என்றால் அதற்கு அர்த்தம் உண்டா, இல்லையா? போதாததற்கு, மூன்றாம் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் ஆஸ்பத்திரியில் தன் மலையக ஊரான ஹட்டன் முகவரியைக் கொடுத்திருப்பான்.

மூன்றாவது, முறையான ஒப்பீட்டு ஆய்வு. சில இடங்களில் தொண்டர், சில இடங்களில் இல்லை. எது எங்கே என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அறிவியலுக்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிகராகுவாவிலும் மெக்சிகோவிலும் 150 பகுதிகளில் ‘கமினோ வெர்டே’ என்ற பெயரில் நடந்த ஆய்வு, சமூகத்தைத் திரட்டினால் டெங்குத் தொற்று குறையும் என்று காட்டியது. 2010இல் அடித்தளக் கணக்கெடுப்பு, 2015இல் முடிவு வெளியீடு. எங்களிடம் ஐந்து வருடம் இருக்கவில்லை. ஐந்து வாரமாவது இருந்ததா என்பதே சந்தேகம்.

இங்கேதான் என் முழுத் தீர்ப்பும் நிற்கிறது. நெருக்கடிக் காலத்தில் மதிப்பீட்டு முறையைத் தேர்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, விடை எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைத்தான். எங்கள் விஷயத்தில் கெடுவை வைத்தது நுளம்பு. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, பறக்கும் நுளம்பு என்ற சுற்று எட்டு முதல் பத்து நாட்களில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தேங்கும் இடங்களைச் சுத்தம் செய்யச் சொல்வது அதனால்தான். ஒரு தொண்டர் ஒரு மாடியைக் கோட்டைவிட்டால், அது பத்து நாளுக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த அளவுகோலை மற்ற மூன்றின்மேலும் வைத்துப் பாருங்கள். பதிவேடு அன்றைக்கே வருகிறது, ஆனால் கேட்ட கேள்விக்கு விடையில்லை. நோயாளர் கணக்கைப் பாருங்கள்: கடித்த பின் காய்ச்சல் தொடங்கவே நான்கு முதல் பத்து நாள், ஆஸ்பத்திரிக்குப் போக மேலும் மூன்று நாள், அங்கிருந்து அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வந்து, பரிசோதகர் வீட்டைத் தேடி வர இன்னும் சில நாள். அந்தக் கணக்கு காட்டுவது இரண்டு மூன்று வாரத்துக்கு முந்திய நுளம்பை. அது செத்தே போயிருக்கும், அதன் பேரப்பிள்ளைகள் பறந்துகொண்டிருக்கும். ஆய்வு முடிவோ அடுத்த கொள்ளைநோய்க்குத்தான் உதவும்.

நான்காவது வழிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘பத்தொன்பது’ என்றே சொன்னோம். 1920களில் அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், தொழிற்சாலைப் பொருளின் தரத்தைச் சோதிக்க உருவான வழி இது. கப்பலில் வந்த ஆயிரம் மூட்டையையும் பிரிக்காமல் சிலதைக் குத்தூசியால் குத்திப் பார்த்து ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வார்களே, அதன் கணக்கு வழி. 1980களிலிருந்து சுகாதாரத் துறையிலும் இருக்கிறது. ஒரு மேற்பார்வையாளரின் பகுதியில் சீட்டுக் குலுக்கிப் பத்தொன்பது வீடுகளை எடுக்க வேண்டும். இலக்கு நூற்றுக்கு எண்பது என்றால், பத்தொன்பதில் குறைந்தது பதின்மூன்று தேற வேண்டும். தேறினால் விட்டுவிடலாம், தேறாவிட்டால் அந்தப் பகுதியில்தான் வேலை.

ஏன் பத்தொன்பது என்று எல்லோரும் கேட்டார்கள். உண்மையில் எண்பது சதவீத வீடுகளில் ஒழுங்காக வேலை நடந்திருந்தும் சீட்டின் துரதிர்ஷ்டத்தால் தவறிப்போகும் வாய்ப்பு நூற்றில் ஏழுதான். பாதி வீடுகளில் மட்டுமே நடந்திருந்து, அதிர்ஷ்டத்தால் தேறிவிடும் வாய்ப்பு நூற்றில் எட்டு. நான்கு பேர், இரண்டு மாலை நேரம், ஒரு பால்மா டின் நிறையச் சீட்டு. இந்த விலைக்கு அது மோசமில்லை.

வீடு தேற மூன்று நிபந்தனை வைத்தோம். கடந்த பத்து நாளில் தொண்டர் உள்ளே வந்து, நுளம்பு பெருகும் இடங்களைக் காட்டியிருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் ஓர் இடத்தை வீட்டுக்காரர் தானே விரலால் சுட்டிக்காட்ட வேண்டும்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, மூடியில்லாத தாங்கி, எதுவானாலும் சரி. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கக் கூடாது, மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்க வேண்டும், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்து என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி ஒன்றுகூட வைக்கவில்லை.

முதல் சுற்றில் ஒன்பது வீடுதான் தேறியது. பதிவேட்டில் எல்லாம் ‘சரி’யாக இருந்த அதே கட்டடம்! ஐந்தாம் மாடியில் ஓர் அம்மா, “வந்தார்கள் தம்பி, நல்ல பிள்ளைகள். கடதாசி தந்தார்கள்” என்றார். எங்கே என்று கேட்டேன். கதவுக்கடியில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தார்; அது சிங்களத்தில் இருந்தது, மகன் வந்து வாசித்துச் சொல்வானென்று காத்திருந்தார்.

கோபத்தோடுதான் தொண்டர்களைக் கூப்பிட்டேன். பேசியபோது கோபம் என்மேலேயே திரும்பியது. அவர்கள் காலை பத்து மணிக்குப் போயிருந்தார்கள், அப்போது பாதி வீடுகளில் ஆளில்லை. கதவுக்கடியில் துண்டுப்பிரசுரத்தைச் செருகிவிட்டு வந்தவர்களுக்கு, நான் அச்சடித்துக் கொடுத்த படிவத்தில் ‘சரி’ என்ற ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. ‘பூட்டியிருந்தது’ என்று எழுத இடமே வைக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, படிவம்தான் அவர்களைச் சொல்ல வைத்தது. நேரத்தை இரவு ஏழு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றினோம். ஒரு கட்டத்தைக் கூட்டினோம். தமிழ்ப் பிரசுரத்தை மேல்மாடிகளுக்கு முதலில் அனுப்பினோம். பதினோராம் நாள் மறுபடி சீட்டுக் குலுக்கியபோது பதினான்கு.

ஒரு எச்சரிக்கை. சரிபார்க்க மறுபடி போகிறவர் யார் என்பதில் கவனம் வேண்டும். நுளம்பு பெருகும் இடங்களைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தண்டப் பணம் விதிக்க இடமளிக்கிறது. சீருடையைக் கண்டால் வீட்டுக்காரர் கதவைத் திறக்கும் முன்பே தாங்கியைக் கவிழ்த்துவிடுவார். அதுவும் நல்லதுதான், ஆனால் அளக்க முடியாது. அதனால் பரிசோதகர் ஐயாவைக் கூட வரவேண்டாமென்று கேட்டுக்கொண்டோம், சிரித்தபடி ஒப்புக்கொண்டார். பக்கத்துக் கட்டடத் தொண்டர்களை இங்கேயும் இவர்களை அங்கேயுமாக மாற்றி அனுப்பினோம். போட்டி மனப்பான்மையில் கொஞ்சம் கடுமையாகவே மதிப்பெண் போட்டார்கள்.

இனி, இந்த முறையில் எனக்கு நிச்சயமில்லாத இடங்கள். அறுபது, எழுபது சதவீதம் என்ற இடைப்பட்ட நிலையில் இருக்கும் பகுதியைப் பத்தொன்பது வீடு பிரித்துக் காட்டாது. காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். அவசரத்தில் ஒருமுறை இரண்டு கட்டடங்களைச் சேர்த்து ஒரே குலுக்கலாக எடுத்தோம். மொத்தத்தில் தேறியது, ஆனால் தவறிய வீடுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு கட்டடத்தில் இருந்தன. அதன்பின் சேர்ப்பதை விட்டோம். டெங்கு குறைந்தது எங்களால்தான் என்றும் என்னால் சொல்ல முடியாது. வேலை நடந்ததா என்பதைத்தான் இது அளக்கும்.

கொரோனாக் காலத்தில் இதையே தொலைபேசியில் முயன்றோம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொடங்கிய தொற்றுக் கொத்தணிக்குப் பிறகு கொட்டாஞ்சேனை, மோதரை, மட்டக்குளி எல்லாம் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் கிடந்தன. பத்தொன்பது அழைப்பில் ஏறக்குறைய அத்தனை பேரும் எல்லாம் நலம் என்றார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? சொன்னால் வாசலில் பஸ் வந்து நிற்கும், குடும்பமே முகாமுக்குப் போகும். கொரோனாவால் இறந்தவரை எரித்தே தீர வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை நீடித்ததால் முஸ்லிம் வீடுகளில் அந்தப் பயம் பல மடங்கு. அந்தச் சுற்றில் கிடைத்த எண்களை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. நேரில் போய் வாசலில் நின்று பேசியிருந்தால் வேறு பதில் வந்திருக்குமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

இன்னொரு ஓட்டை சீட்டிலேயே இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் பட்டியலை வைத்துத்தான் சீட்டு எழுதினோம். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்து, கடைக்கு மேலேயே பாய் விரித்துப் படுக்கும் மலையகப் பையன்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் குளிக்கும் பீப்பாய்கள்தான் நாங்கள் பார்த்தவற்றிலேயே குடம்பி மலிந்தவை. இரண்டாம் மாதம் கடை கடையாகப் போய் முதலாளிமாரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டோம். பன்னிரண்டு கடையில் மூன்று தந்தன. மற்றவர்கள், “எங்களிடம் இரவில் ஒருவரும் தங்குவதில்லை” என்றார்கள். மாடியில் கொடிக்கயிற்றில் ஆறு சாரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.