பழந்துப்பாக்கிக் குழலின் முத்திரை படிக்க யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்: வாங்கலாமா?

"1000 மடங்கு பெரிதாக்கும்" என்று பெட்டியில் அச்சடித்து வரும் பேனா வடிவ யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பைப் பழந்துப்பாக்கி ஆர்வலர்கள் பலர் வாங்குவது ஒரே காரணத்துக்காகத்தான்: குழலைச் செய்தது யார் என்று கண்டுபிடிக்க. அந்த வேலைக்கு இது ஆகுமா என்றால், ஆகும். ஆனால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் இரண்டையும், அதாவது அந்த 1000 மடங்கையும் முனையைச் சுற்றி எரியும் எல்இடி வளையத்தையும், ஓரங்கட்டினால்தான் ஆகும்.

குழலின் அடியில் அடித்திருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம்தான். அதற்கு 10 முதல் 30 மடங்கு தாராளம். 50-ஐத் தாண்டினால் எழுத்து திரையில் அடங்காது, துருக்குழிதான் பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். இந்த வகைக் கருவிகளில் குவிய வளையத்தைத் திருப்பும்போது படம் இரண்டு இடங்களில் தெளியும். ஒன்று, முனை உலோகத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போது. இன்னொன்று, முனை கிட்டத்தட்ட உலோகத்தில் உரசும்போது. நமக்கு வேண்டியது முதலாவது. 1000 என்பது சென்சாரின் சின்னப் படத்தைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டும் கணக்கு. அதில் புதிதாக ஒரு கீறல்கூடத் தெரியப்போவதில்லை.

அடுத்தது விளக்கு. எல்இடி வளையம் ஒளியை நேராகக் கீழே கொட்டுகிறது. உச்சி வெயிலில் வயல் வரப்பு தட்டையாகத் தெரிகிற மாதிரி, தேய்ந்த முத்திரை அந்த ஒளியில் மறைந்தே போகும். வயரில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி வளையத்தை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைக் குழலோடு ஒட்டினாற்போல 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடித்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் எழுத்தின் விளிம்பு நிழலோடு எழுந்து வரும். டார்ச்சை ஒரே பக்கத்தில் வைத்துவிடக் கூடாது. டார்ச் இருக்கும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. ஆங்கில 'ஈ' (E) எழுத்தின் மூன்று கைகளும் காணாமல் போய் 'ஐ' (I) போலத் தெரிவது இதனால்தான். நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுக்க வேண்டும். வளையத்தை அணைக்கவே முடியாத மாடலாக இருந்தால், ஒரு பக்கத்து விளக்குகளின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம்.

கூட வரும் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல நல்லது எதுவும் இல்லை. 28, 30 அங்குலக் குழலைத் தாங்க அதன் தட்டு போதாது, கம்பமும் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மேசை விளிம்பில் திருகிப் பிடிக்கும் தனிக் கம்பம் வேண்டும். குழலை வி வடிவில் வெட்டி ஃபெல்ட் ஒட்டிய இரண்டு மரக்கட்டைகளில் படுக்கவைத்தால் உருளாது. கருவியின் தலையில் இருக்கும் பொத்தானை அழுத்திப் படம் எடுத்தால் ஆடிவிடும். கணினியிலேயே கிளிக் செய்யுங்கள். குழல் வளைவாக இருப்பதால் ஒரே படத்தில் முழு முத்திரையும் தெளிவாக விழாது. குழலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி மூன்று படம் எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில செயலிகள் படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும். முதலில் ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது; இல்லாவிட்டால் தலைகீழ் எழுத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் முத்திரைப் பட்டியல் புரட்ட வேண்டிவரும்.

குழலைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பல இன்னும் மருந்தோடே கிடக்கின்றன. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் போட்டு, அதே குச்சியை வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். குச்சியின் முனை பின்முனைக்கு ஒன்றிரண்டு அங்குலம் முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நீங்களே தோண்ட வேண்டாம், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பின்முனைத் திருகையும் கழற்ற முயலாதீர்கள். பெரும்பாலும் திருகு வராது, குழல்தான் சிதையும்.

சுத்தம் செய்யும்போதுதான் ஆதாரம் அதிகம் அழிகிறது. கம்பி பிரஷ், எமரி பேப்பர், துரு நீக்கும் அமிலம் மூன்றும் கூடாது. ஊடுருவும் எண்ணெயில் ஒருநாள் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, எழுத்தின் பள்ளத்தில் உறைந்திருக்கும் அழுக்கை மூங்கில் குச்சியால் கிளறினால் போதும். எண்ணெயைத் துடைத்துவிட்டு டால்கம் பவுடரை விரலால் தடவி, மேல்பரப்பை மட்டும் துணியால் வழித்தெடுத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். சாய்ந்த ஒளிக்கும் பிடிபடாத முத்திரை சில நேரம் இதில் பிடிபடும்.

இரட்டைக் குழல் என்றால் ஒரு வசதி உண்டு. குழல் செய்தவர் தன் முத்திரையைப் பொதுவாக இரண்டிலுமே அடித்திருப்பார். ஒன்றில் முதல் எழுத்து தேய்ந்திருக்கும், மற்றதில் கடைசி எழுத்து தேய்ந்திருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் முழுப் பெயர்ச்சுருக்கம் கிடைத்துவிடும். ஒரு குழலை மட்டும் பார்த்து 'சி'யா 'ஜி'யா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

கண்ணில் படும் பெயர் எல்லாம் செய்தவர் பெயர் அல்ல. இரண்டு குழலையும் இணைக்கும் உலோகப் பட்டையான மேல் ரிப்பில் செதுக்கிய பெயர் பெரும்பாலும் துப்பாக்கியை முடித்து விற்றவருடையது. அடியில் கிரீடத்தோடு இருப்பது, குழல் வெடிப்பைத் தாங்குமா என்று சுட்டுப் பார்க்கும் சோதனைக்கூடத்தின் முத்திரை. ரிப்புக்குப் பக்கத்தில், முன்கட்டை (குழலுக்கு அடியில் கை தாங்கும் மரம்) மறைக்கும் இடத்தில், கோணலாக அடித்த இரண்டு மூன்று எழுத்துதான் குழல்காரருடையதாக இருக்க வாய்ப்பு. எது முந்தையது என்று அறிய இந்தக் கருவி உண்மையிலேயே உதவுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு முத்திரைகளை 30 மடங்கில் பார்த்தால், பிந்தையது தன் ஓரத்து உலோகத்தை முந்தையதன் பள்ளத்துக்குள் தள்ளியிருப்பது தெரியும். அரம் போட்டதில் பாதி வெட்டுப்பட்ட எழுத்து, குழல் கச்சாவாக இருந்தபோதே அடித்தது. குழல்காரர் முத்திரை பெரும்பாலும் இப்படித்தான் அரைகுறையாக நிற்கும்.

சோதனை முத்திரை ஆளைக் காட்டாது. ஊரையும் காலத்தையும் காட்டும். லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கத்துக்கு 1637-லேயே பட்டயம் கிடைத்தது. அதன் அடையாளம் கிரீடத்தின் கீழ் பின்னிய ஜி.பி. எழுத்துகள். பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் சட்டப்படி அமைந்தது. 1904 வரை அதன் அடையாளம் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், கிரீடம், பி.பி.சி. என்ற எழுத்துகள். "நாட் ஃபார் பால்" என்று இருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதித்த சோக் குழல், அதாவது வாய்ப்பக்கம் சற்றுக் குறுகிய குழல். சாய்சதுரத்துக்குள் 12-உம் அதன்கீழ் சி-யும் இருந்தால் 1887-க்குப் பின், 1925-க்கு முன். முட்டை வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றால் பெல்ஜியத்தின் லீயேஜ் நகரம். வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. இந்தக் கிரீடம் மிகச் சிறியது, தேய்ந்தும் இருக்கும். மைக்ரோஸ்கோப்புக்குக் கொடுத்த காசு இந்த ஓர் இடத்திலேயே வசூலாகிவிடும்.

மேலே "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று ஆங்கிலப் பெயர், அடியில் ஈ.எல்.ஜி. முட்டை வட்டம் என்றால், புகழ்பெற்ற இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் பெயரை நினைவூட்டி விற்ற பெல்ஜியச் சரக்கு அது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பார்க்கர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள், இரும்புக் கீற்றையும் எஃகுக் கீற்றையும் முறுக்கிச் சேர்த்துச் செய்த டமாஸ்கஸ் குழல்களைக் கச்சாவாக வெளிநாட்டிலிருந்து வாங்கித் துப்பாக்கி செய்தன. அப்படிப்பட்ட குழலில் எல்.எல்.எச். என்ற மூன்றெழுத்து தெரிந்தால் அது லீயேஜ் பகுதியைச் சேர்ந்த லோரான் லோஷே-ஹப்ரானின் முத்திரை. எஃகுக் குழல்களில் கோதுமைக் கதிர்க்கட்டு இருந்தால் விட்வொர்த் எஃகு, பின்னிய மூன்று வளையங்கள் இருந்தால் ஜெர்மனியின் க்ரூப் எஃகு. ஆனால் இவை இரண்டும் எஃகு வார்த்த ஆலையைச் சொல்கின்றனவே தவிர, குழலைத் துளைத்து அரம் போட்டவரைச் சொல்லவில்லை. பட்டியல் பார்த்துப் பெயர் சொல்பவர்கள் பலரும் வழுக்கி விழும் இடம் இது.

கருவி செய்ய முடியாத வேலை, குழலின் உள்விட்டத்தை அளப்பது. செயலியில் இருக்கும் அளவுகோலை வைத்து வாய் விளிம்பை அளந்து திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் சோதனை அளவு பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் எடுக்கப்பட்டது. அதற்குத் துளையின் விட்டத்தை அளக்கும் தனிக் கருவி, போர் கேஜ் (bore gauge), வேண்டும். துளையின் அளவெண்ணாக 13 என்று முத்திரை இருந்தால் 0.710 அங்குலம், 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729. 13 என்று அடித்த குழல் இப்போது 0.719 காட்டினால், சோதனைக்குப் பிறகு யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள்.

டமாஸ்கஸ் கோலம் உண்மையா, மேலே தீட்டியதா என்று பார்க்க இந்த மைக்ரோஸ்கோப் அருமை. மலிவான எஃகுக் குழல்களில் டமாஸ்கஸ் மாதிரி கோலம் போட்டு விற்றது உண்டு. உண்மையானதில் இரும்புக் கீற்றும் எஃகுக் கீற்றும் அரிப்பில் வெவ்வேறு உயரத்தில் நிற்கும், கோலம் முன்கட்டை மறைக்கும் அடிப்பக்கத்திலும் தொடரும். பொய்யில் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் கோலமும் சேர்ந்து போய், அடியில் ஒரே மாதிரியான வெற்று எஃகு தெரியும்.

வாங்குவதென்றால் சென்சாரின் உண்மையான பிக்சல் அளவு, வளைய விளக்கை முழுதாக அணைக்கும் வசதி, கூட வரும் சிடி இல்லாமலே கணினி அதைச் சாதாரண கேமராவாக அடையாளம் காண்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். மடங்குக் கணக்கைப் பார்க்க வேண்டாம். கையில் நல்ல 10 மடங்கு லென்ஸ்கூட இல்லாதவர் முதலில் அதை வாங்கட்டும். பாதி முத்திரைகளை அதிலேயே படித்துவிடலாம்.

முத்திரை தெளிவாகக் கிடைத்த பிறகு, பின்முனையிலிருந்து ஏறக்குறைய 3 அங்குலத்தில் குழலைச் சுற்றி டார்ச்சைச் சாய்த்து ஒரு முறை ஓட்டுங்கள். மயிரிழை போல ஒரு வளையக்கோடு தெரிந்தால், பழைய பின்முனைக்குள் புதுக் குழாய் செருகிய துப்பாக்கி அது. பிரிட்டனில் முறைப்படி செய்ததில் "ஸ்லீவ்டு" என்ற சொல்லும் அடித்திருக்கும். நீங்கள் படித்த பெயர் அந்த 3 அங்குலத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.