கடற்கரை ஹாஸ்டலும் காயாத துண்டும்

படுக்கைக் கணக்கில் வாடகை வாங்கும் பயணியர் விடுதியைத்தான் ஊர் சுற்றுகிறவர்கள் ஹாஸ்டல் என்கிறார்கள். ஒரே அறையில் நாலு பேர், ஆறு பேர், சில இடங்களில் பன்னிரண்டு பேர்கூடப் படுப்பார்கள். அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டைக்குள் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் முதல் நிரந்தர இளைஞர் விடுதியைத் தொடங்கினார். அந்த வழியில் வந்ததுதான் இது. குளிர் நாட்டில் பிறந்த ஏற்பாடு வெப்பமண்டலக் கடற்கரைக்கு வந்ததும் ஒரு புதுச் சிக்கலில் மாட்டிக்கொண்டது: ஈரம்.

கடல் எத்தனை அடி தூரம், மொட்டை மாடியில் ஊஞ்சல் உண்டா, சுவர் ஓவியம் எப்படி என்பதெல்லாம் படத்தில் அழகாக விழும். ராத்திரித் தூக்கத்தைத் தீர்மானிப்பது, அந்த இடம் ஈரத்தை எப்படி வெளியேற்றுகிறது என்பதுதான். அதை ஒழுங்காகச் செய்கிற ஹாஸ்டல் கொடுத்த காசுக்கு மேலேயே தரும். தனியாளாக மூன்று நான்கு இரவு கடலோரம் தங்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து கிடையாது. செய்யாத ஹாஸ்டல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண் செலவு.

வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் அது சாதாரண இரவு. அந்தக் காற்று, சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீர் கோக்கும். ஏசியை 18-இல் வைத்துவிட்டு ஆளாளுக்குக் கதவைத் திறந்து போய்வரும் அறையில் சுவர், மெத்தையின் அடிப்புறம், லாக்கரின் தகரம் எல்லாமே வேர்க்கும். கொஞ்ச நாளில் கட்டிலுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்துவிடும். அறைக்குள் போனதும் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். புதுச் சுண்ணாம்பின் மேலேயே புள்ளி தெரிந்தால், பூஞ்சையைச் சுரண்டாமல் மேலே பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படலாம். மக்கல் வாடையை மறைக்கத்தான் பெரும்பாலும் அது.

எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஈரம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் விடும் நீர் ஏறத்தாழ கால் லிட்டர். கட்டில் கம்பியில் தொங்கும் துண்டு, நன்றாகப் பிழிந்த பிறகும், இன்னொரு கால் லிட்டரைச் சுமந்துகொண்டிருக்கும். ஆக நாலு லிட்டர் தண்ணீர். இவ்வளவையும் உறிஞ்சி வெளியே தள்ள வேண்டியது ஏசி. கம்ப்ரசர் ஓடும்போதுதான் அது ஈரத்தை இழுக்கும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசியைப் போட்டால் மளமளவென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். குளிர் இருக்கும், நசநசப்பும் இருக்கும். 24, 25 டிகிரியில் நிதானமாக நெடுநேரம் ஓடும் ஏசிதான் நல்ல ஏசி.

இதை அறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. ராத்திரி அறைக்கு வெளியே போய், ஏசியின் வடிகுழாய் முனையைப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் விழுந்தால் அறை காய்ந்துகொண்டிருக்கிறது. ஆறேழு பேர் தூங்கும் அறை, ஏசி ஓடுகிறது, ஆனால் குழாய் முனை உலர்ந்து கிடக்கிறது என்றால் தூசும் பாசியும் குழாயை அடைத்திருக்கலாம். அடைபட்ட நீர் திரும்பி ஏசியின் அடித்தட்டில் வழிந்து, நேர் கீழே மேல்தட்டுக் கட்டிலில் படுத்திருப்பவர் மேல்தான் விழும். அதே குழாய்க்குக் கீழே வாளி வைத்திருந்தால் வாளிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். வெப்பமான ஊரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாளியைத் தினமும் கவிழ்க்கிற ஹாஸ்டல் மற்ற விஷயங்களிலும் அக்கறையாக இருக்கும் என்று நம்பலாம்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுழற்றும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சன்னலை அடைத்து எட்டுப் பேர் படுத்தால் விடியும்போது கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைப்போலப் பல மடங்காகியிருக்கும். காலையில் தலை கனப்பதற்குக் கடல் வெயிலைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸாஸ்ட் விசிறியோ, வலை அடித்த சிறு திறப்போ கட்டாயம் வேண்டும்.

மின்விசிறி மட்டும் உள்ள அறையை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. எதிரெதிர்ச் சுவரில் சன்னல், இரண்டிலும் கிழியாத வலை, கட்டிலுக்கு ஒரு சிறு விசிறி. இவை இருந்தால், பராமரிக்காத ஏசி அறையைவிட அதில் நூறு மடங்கு நிம்மதியாகத் தூங்கலாம். கடற்கரையில் கடிக்கும் பொடி ஈக்கள் சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்துவிடும். ஆனால் அவற்றுக்குப் பறக்கும் பலம் குறைவு, விசிறிக் காற்றை எதிர்த்து வர முடியாது. அதற்காகவே கட்டில் விசிறி முக்கியம். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள மேல்தட்டுக் கட்டிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பகலில் வாங்கிய சூட்டைத் தளம் நள்ளிரவு தாண்டியும் விட்டுக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேன் கைக்கு எட்டும் தூரத்தில் சுற்றினால் அந்தக் கட்டிலே வேண்டாம்.

இப்போது துண்டுக்கு வருவோம். கடலில் குளித்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் கொடியில் போட்டால் அது முழுசாகக் காயவே காயாது. கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கும். கடல் உப்போடு கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம், 33 சதவீதத்திலேயே தொடங்கிவிடும். பகலில் காய்ந்த மாதிரி மொறமொறப்பாக இருந்த நிக்கர் ராத்திரி மறுபடி பிசுபிசுப்பது இதனால்தான். ஆகவே, அலசுவதற்கென்று வெளியே ஒரு குழாய், கூரை போட்டுக் காற்றோடும் இடத்தில் கொடி, கட்டிலுக்கு இரண்டு கொக்கி: இந்த மூன்றும் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்னரே கேட்டுவிடுங்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு உடனே பதில் சொல்கிற இடம் நல்ல இடம். வெயிலில் திறந்தவெளிக் கொடி மட்டும் இருந்தால் மழைக்காலத்தில் துணியெல்லாம் கட்டில் கம்பிக்குத்தான் வந்து சேரும். அதைவிட்டால் அறைக்குள் வேறு இடமில்லை.

வாசலில் கால் கழுவும் குழாய் இல்லாத ஹாஸ்டலில் மணல் நேராகக் குளியலறைக்குப் போகிறது. வடிகுழாயின் வளைவில் மணல் படிந்தால் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று குளிக்க வேண்டியிருக்கும். குளியலறையை மதிப்பிட ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி வேடிக்கை பாருங்கள். சுழித்துக்கொண்டு சீக்கிரம் இறங்க வேண்டும். கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். அது ஹாஸ்டலின் குற்றமில்லை. ஆனால் அந்த உவர்நீர் ஹீட்டரின் உட்கம்பியை அரித்தால் மின்கசிவு வரும். குழாயைத் தொட்டதும் விரலில் லேசாக விறுவிறுத்தால் அந்த நிமிடமே வெளியே வந்து சொல்லுங்கள், ‘ஈரக் கை, அதனால்தான்’ என்று சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை.

கட்டில் இரும்பாக இருந்தால் மூட்டைப்பூச்சி ஒளிய இடுக்கு குறைவு, ஆனால் உப்புக்காற்று பற்றவைத்த மூட்டுகளைத் தின்றுவிடும். மேலே ஏறுமுன் ஏணியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிறீச் சத்தம் பரவாயில்லை. போல்ட்டைச் சுற்றிச் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் கீழ்த்தட்டு கேளுங்கள். மேல்தட்டின் தடுப்புக் கம்பி மெத்தை மட்டத்திலிருந்து 5 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. தடித்த மெத்தையைப் புதிதாக வாங்கிப் போட்ட இடங்களில் இந்த உயரம் காணாமல் போய்விடும்.

மூட்டைப்பூச்சிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதுவரை பையைக் கட்டிலில் வைக்காமல் டைல்ஸ் தரையில் நிறுத்துங்கள். தலைமாட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கி, மெத்தை ஓரத் தையலை விரலால் பிரித்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடிக்க வேண்டும். பேனா மை தெறித்த மாதிரி கரும்புள்ளி தெரிந்தால் அது எச்சம். ஈர விரலால் தடவினால் பழுப்பாகக் கலங்கும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ., முட்டை 1 மி.மீ. அளவில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கட்டிலின் திருகுத் துளைகளையும் விடாதீர்கள். மருந்து அடித்துவிட்டோம் என்ற பதிலை நம்பிப் படுக்க வேண்டாம். வழக்கமான பைரித்ராய்டு மருந்துகளுக்குப் பல இடங்களில் பூச்சி பழகிப்போய்விட்டது. அதைக் கொல்வது சூடுதான்.

லாக்கர் பற்றிச் சுருக்கமாக. சொந்தப் பூட்டு கொண்டுபோங்கள், வளையம் 6 மி.மீ. தடிமன் இருந்தால் பெரும்பாலான துளையில் நுழையும். தடித்த பூட்டு அழகாக இருக்கும், உள்ளே போகாது. உப்புக்காற்றில் மலிவான நம்பர் பூட்டின் சக்கரம் இறுகிவிடும் என்பதால் பித்தளைச் சாவிப் பூட்டே மேல். ஈரத் துணியை லாக்கருக்குள் திணிக்கவே கூடாது. பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் அடமானமாகக் கேட்டால் பதிவு செய்துகொள்ளக் காட்டலாம், நகல் தரலாம், அசலை விட்டுவர வேண்டாம்.

மின்தடை அடிக்கடி வரும் ஊராக இருந்தால், ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். சமையலறைக்குப் பெரிய மார்க் தர எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் பெயர், தேதி ஒட்டச் சொல்லி, பழசை வாரம் ஒருமுறை எடுத்து எறிந்தால் போதுமானது.

ஹாஸ்டல்வேர்ல்டு போன்ற முன்பதிவு இணையதளங்களில் 10-க்கு 8.9 என்று மதிப்பெண் பார்த்து மயங்க வேண்டாம். கலகலப்புக்கும் இடத்துக்கும் கிடைத்த உயர்ந்த மார்க், சுத்தத்துக்குக் கிடைத்த குறைந்த மார்க்கை மூடிவிடும். சுத்தம் என்ற வரியைத் தனியாகப் பாருங்கள். கருத்துகளைப் புதியது முதலில் வருமாறு அடுக்கி, நீங்கள் போகப்போகும் அதே பருவத்தில் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். வறண்ட மாதத்தில் ஆஹா என்ற இடம் மழை மாதத்தில் ஊறிப்போய்க் கிடக்கும். பூஞ்சை, வாடை, காயவில்லை, கடித்தது என்ற சொற்கள் வெவ்வேறு ஆள் எழுத்தில் இரண்டு முறை வந்தாலே தாண்டிப் போய்விடலாம். முதலில் ஓர் இரவுக்கு மட்டும் பதிவு செய்து, துண்டு காலையில் காய்ந்திருந்தால் நீட்டித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆஸ்துமாவோ பூஞ்சை ஒவ்வாமையோ உள்ளவர்கள் பத்துப் பேர் அறையைத் தவிர்த்து, சிறு அறையாகவோ தனி அறையாகவோ எடுப்பது நல்லது. சின்ன சத்தத்துக்கும் விழிப்பவர்கள் பக்கத்து மதுக்கூடத்தில் பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்; திரைச்சீலை போட்ட கட்டில் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. ஏடிஸ் பகலில் கடிக்கும் என்பதால் பொது இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள கொசுத் தைலம் வேண்டும். வெயில் கிரீமை முதலில் பூசி, அது காய்ந்த பிறகு தைலம்.

கிளம்பும் காலையில் துணி சற்று ஈரமாக இருந்தாலும் பையின் அடியில் அடைக்காமல் தனியாகப் பிளாஸ்டிக் உறையில் மேலாக வையுங்கள். வீடு சேர்ந்ததும் பையை வாசலிலேயே பிரித்து, துணிகளை 60 டிகிரி சுடுநீரில் துவைத்து அல்லது டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டி எடுங்கள். பையின் உட்தையலில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்த பிறகு அதை அலமாரியில் ஏற்றலாம்.